பாறைக்குப் பந்தல்

"நீதான் படிச்சவளாச்சே. இந்த வூட்டுல இன்னா இருக்குதுன்னு கண்டுபுடிச்சு சொல்லேன், பாக்கலாம்."

என் அண்ணி இதைச் சொன்னபோது அவளுடைய இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள் நிறைந்திருந்தன. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காகத் தொண்டூருக்குத் தாய்வீடு கிளம்பி நின்றாள். அவள் அம்மாவும் சித்தியும் கூடைகளோடு தெருவில் காத்திருந்தார்கள். நான் அவளுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு போனேன். பையை வாங்கிக்கொண்டவள் மற்றவர் காதில் விழாதபடி இன்னொன்றும் சொன்னாள்.

"அது தெரியாம நானும் என் கொழந்தையும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டோம். உங்க அண்ணங்கிட்ட சொல்லியாச்சு. அவருக்கு வேணும்னா தொண்டூருக்கு வரட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். தீர்மானமாகச் சொன்னாள். வளையல்கள் குலுங்கத் தெருமுனை வரை நடந்துபோனாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

'படிச்சவ' என்பது எங்கள் வீட்டில் பாதி பெருமை, பாதி கிண்டல். நைனா வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. அம்மா கடலை உடைக்கவும் நாற்று நடவும் போவாள். அண்ணன் ஐந்தாவதோடு நின்று சைக்கிள் கடைக்குப் போய்விட்டான். எங்கள் வகையறாவிலேயே பிளஸ் டூ முடித்து, தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனத்துக்குப் போய்க் கல்லூரியில் படித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் நான் படித்தது வரலாறு. ஒரு வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதில் பாடம் எதுவும் இல்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சியில் பாறை இல்லாத இடம் குறைவு. வீடு கட்டுகிறவர்கள் பாறையைச் சுற்றிக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் பாறையோடு சேர்த்துக் கட்டுவார்கள். எங்கள் வீட்டைக் கட்டியவர் ஒரு சுவரை மிச்சம் பிடித்திருந்தார். பெரிய குண்டுப்பாறை ஒன்றிலிருந்து எப்போதோ பிளந்து விழுந்த பலகைப்பாறை, சாய்த்து வைத்த கதவு போல அங்கே நின்றது. கனம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதன் வயிற்றுப் பக்கம்தான் எங்கள் உள் அறையின் பின்சுவர். முதுகுப் பக்கம் வானத்தைப் பார்த்து வெட்டவெளியில் கிடந்தது. உள் அறைக்கு முன்னால் ஒரு கூடம், கூடத்தின் ஓரத்தில் அடுப்படி. அவ்வளவுதான் வீடு.

ஊரில் அதற்குச் சண்டை வீடு என்று பெயர். குடி வருகிற எந்தக் குடும்பமும் அடித்துக்கொள்ளாமல் போனதில்லை என்றார்கள். வீட்டுக்காரர் வல்லத்தில் இருந்தார். அந்தப் பெயருக்கு அஞ்சித்தான் வாடகையைக் குறைத்து வைத்திருந்தார். நாங்கள் அதற்குமுன் பெரியப்பா வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு குடிசையில் இருந்தோம். இங்கே கூரை ஓடு, கூடத்தில் கரண்ட் விளக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள். பெயர் எப்படி இருந்தால் என்ன என்று தை மாதத்தில் பால் காய்ச்சினோம்.

பனி கொட்டிய காலம் அது. உள் அறைக்குள் நுழைந்த அம்மா பாறையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள நல்லா கதகதப்பா இருக்குதுடி" என்று சந்தோஷப்பட்டாள். மாசியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. கதவு உள்ள ஒரே அறை அதுதான் என்பதால் புது ஜோடிக்கு அதைக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டோம். எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் சண்டை தொடங்கியது. என் அண்ணன் இறுகிப்போன நட்டைக்கூட அதட்டாமல் கழற்றுகிறவன். அவன் ஒருநாள் காலையில் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லி டம்ளரை விட்டெறிந்தான். அண்ணி வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அவள் ஒரு துண்டு காணவில்லை என்பதற்காகச் சமையலை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். இரண்டு பேர் கண்ணும் தினமும் சிவந்திருந்தது.

எதிர்வீட்டில் ஒரு பாய் குடும்பம். அந்த வீட்டம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்று அம்மாவிடம் கேட்டாள்.

"ஆரம்பிச்சிடுச்சா?"

மழை ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"இன்னா ஆரம்பிச்சிடுச்சா?"

"அதான் கேக்குதே, எங்க வூடு வரைக்கும். உங்களுக்கு முன்னால ஒரு கம்பவுண்டர் இருந்தாரு, புதுசா கட்டிக்கினு வந்தவரு. அதுக்கு முன்னால பூ கட்டுற ஜோடி. எல்லாம் நல்லபடியாத்தான் வருவாங்க. சித்திரைல தட்டுமுட்டு சாமானெல்லாம் வாசலுக்கு வந்துடும்."

அதன்பிறகு அம்மா கண்ணில் எல்லாமே அறிகுறியாகப் பட்டன. உள் அறையில் வைத்த மாவு பொழுது விடிவதற்குள் சட்டியை மீறி வழிந்தது. தயிர் புளித்துப்போனது. பாறையில் ஒரு மாடக்குழி இருந்தது, அதில்தான் எங்கள் சாமி படம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாத்திய மல்லிப்பூ மறுநாள் கருகிக் கிடந்தது. "சாமியே பூவ ஏத்துக்க மாட்டேங்குது பாரு" என்று அம்மா புலம்பினாள். எலுமிச்சம்பழம் நறுக்கினாள், பூசணிக்காய் உடைத்தாள், எதிர்வீட்டம்மா தர்காவில் ஓதி வாங்கித் தந்த தண்ணீரையும் மூலைக்கு மூலை தெளித்தாள். யார் எதைச் சொன்னாலும் மறுக்காமல் செய்தாள்.

மழை வந்தது. சண்டை அடங்கியது. அண்ணி உண்டானாள். எல்லாம் தர்காத் தண்ணீரின் மகிமை என்று எதிர்வீட்டம்மாவும் பூசணிக்காய்தான் என்று அம்மாவும் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த பங்குனியில் மறுபடியும் தொடங்கிவிட்டது. வயிற்றுப்பிள்ளையோடு அண்ணி கூடத்தில் உட்கார்ந்து விசும்பினாள். அந்த வாரத்திலேயே வளைகாப்பு வந்தது. வாசலில் அவள் சொன்ன வார்த்தையும் அப்படித்தான் வந்தது.

அவள் வராவிட்டால் அண்ணன் தொண்டூர் போய்விடுவான். குழந்தையைப் பார்க்க நாங்கள் விருந்தாளி மாதிரி பஸ் ஏற வேண்டும். அம்மா தொட்டிலுக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய புடவையை மறுபடியும் மறுபடியும் மடித்தாள்.

கல்லூரியில் என்னோடு படித்த திண்டிவனத்துப் பெண்கள், "உங்க ஊர்க் கோட்டையில எத்தனை பேர் செத்திருப்பாங்க, பக்கத்துல குடியிருக்கப் பயமா இல்லையா?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அது ஆடு மேய்கிற மலை. புளி காயப்போட இடம் போதாவிட்டால் அங்கே போவோம். செத்தவர்களின் துயரம் கல்லில் ஊறி நிற்கும் என்றால் செஞ்சியில் ஒருவரும் சிரித்துப் பேச முடியாது. அப்படியிருக்க, யாருமே சாகாத ஒரு சின்ன வீட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கெட்ட பெயர்? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி போனபின் அண்ணன் சைக்கிள் கடையிலேயே படுத்துக்கொண்டான். உள் அறை காலியானது. "ஆளில்லாம பூட்டி வெச்சா அதுக்கு இன்னும் எடம் குடுத்த மாதிரி" என்று சொல்லி அம்மா நைனாவை இழுத்துக்கொண்டு அங்கே போய்ப் படுத்தாள். நான் கூடத்திலேயே இருந்துவிட்டேன்.

நைனாவும் அம்மாவும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. நைனா பேசுவதே அபூர்வம். அந்தச் சித்திரையில் ஒருநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"கொட்டாவி வுடாதயேன்!"

"நான் வுட்ட கொட்டாவி உன்ன இன்னா பண்ணுச்சி?"

"உன்னப் பாத்துப் பாத்து எனக்கும் வருது!"

"அப்ப பாக்காத! யாரு பாக்கச் சொன்னா?"

இதைச் சொன்னது நைனா. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயிலிருந்த பல்பொடி தெறித்தது. வெளியே வந்த அம்மா சிரிக்கவில்லை. "எங்களையும் புடிச்சிடுச்சிடி" என்றாள்.

சிரித்து முடித்தபிறகு எனக்கு ஒன்று தோன்றியது. ஆள் மாறியும் சண்டை நிற்கவில்லை. மாறாமல் இருப்பது அறை. இரண்டு கோடையாக இந்த வீட்டில் யாரோடும் சண்டை போடாத ஒரே ஆள் நான். கூடத்தைவிட்டு நகராத ஒரே ஆளும் நான்தான்.

விடை கிடைத்தது அதற்குச் சில நாள் கழித்து, ஒரு திட்டில் தொடங்கி. கல்லூரியிலிருந்து புழுதியோடு வந்தவள் கசகசப்புத் தாங்காமல் அந்தி நேரத்தில் தலைக்குக் குளித்துவிட்டேன். "வெளக்கு வெக்கிற நேரத்துல தலைய விரிச்சிப் போட்டுக்கினு நிக்கிறியே, வூடு இருக்கிற லட்சணத்துல இது வேறயா" என்று அம்மா கத்தினாள். அவள் கண்ணில் படாமலிருக்க உள் அறைக்குப் போய், ஈரக் கூந்தலைப் பாறையின் மேல் விரித்துப் போட்டுச் சாய்ந்துகொண்டேன். கூடத்து விளக்கு வெளிச்சத்தில் பாடம் படித்தேன். எழுந்தபோது முடி மொறமொறவென்று காய்ந்திருந்தது, மொட்டை வெயிலில் உலர்த்திய மாதிரி.

உள்ளங்கையைப் பாறையில் வைத்தேன். சுட்டது. இட்லிப் பானையின் மூடி சுடுகிற மாதிரி. வெளியே ஓடிப்போய்ப் பாறையின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். அங்கே காற்று பட்டு ஆறத் தொடங்கியிருந்தது. திரும்ப உள்ளே வந்தேன். வெளிப்பக்கத்தைவிட இங்கே சூடு கூடியிருந்தது. பகலெல்லாம் முதுகில் வாங்கிய வெயிலை அந்தப் பாறை மெதுவாக உள்ளே கடத்தி, ஊர் அடங்குகிற நேரத்தில் அந்த அறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. பகலில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியாது. படுக்கப் போனவர்களுக்கு, கதவை வேறு சாத்திக்கொண்ட பிறகு, புழுக்கம் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றாது. சித்திரையில் எங்குதான் புழுக்கம் இல்லை?

நின்ற இடத்திலேயே எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. மாவு பொங்கியது, தயிர் புளித்தது, சாமி படத்துப் பூ கருகியது. மார்கழியிலும் ஆடியிலும் யாரும் குடி மாறமாட்டார்கள், தை பிறந்ததும்தான் வீடு பார்ப்பார்கள். தைப் பனியில் அந்தக் கதகதப்பைப் பார்த்து மயங்கியே எல்லோரும் பால் காய்ச்சியிருக்கிறார்கள். பிறகு வழக்கப்படி, கதவு உள்ள அறையைப் புது ஜோடிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கம்பவுண்டர் ஜோடி, பூ கட்டுகிற ஜோடி, என் அண்ணன், அண்ணி. ஒருவருக்கொருவர் இன்னும் பழகாத இரண்டு பேரைப் பிடித்துத் தூக்கமில்லாத அறைக்குள் விட்டால் துண்டுக்கும் உப்புக்கும் சண்டை வராமல் என்ன செய்யும்?

மறுநாள் அண்ணனை வரவழைத்துச் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டுவிட்டு நைனாவைப் பார்த்தான்.

"நைனா, இவுளுக்குப் படிக்கத் தனி ரூமு வேணுமாம். அதுக்கு எப்படிச் சுத்தி வளைக்குது பாரு!"

"எனக்கு ஒண்ணும் உன் ரூமு வேணாம். தொட்டுப் பாரு."

"பாறை சுட்டா சண்டை வருமாடி?" என்று அம்மா கேட்டாள். "நான் தெனம் அடுப்புக்கிட்டதான் நிக்கிறேன். யார அடிச்சேன்?"

"நீ அடுப்புக்கிட்ட தூங்குறியாம்மா?"

நைனா எழுந்து உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி எடுத்துவந்து கூடத்தில் போட்டார். அவருடைய ஆமோதிப்பு எப்போதும் அப்படித்தான் இருக்கும். அம்மா வீம்புக்கு இன்னும் சில நாள் உள்ளேயே படுத்தாள். பிறகு அவளும் தலையணையோடு வந்துவிட்டாள். கொட்டாவிச் சண்டை அதோடு நின்றது.

ஆனால் நம்ப வேண்டியவள் தொண்டூரில் இருந்தாள். வைகாசியில் பெண் குழந்தை பிறந்து, தீட்டுக் கழிந்தபின் நான் பஸ் ஏறிப் போனேன். குழந்தைக்கு அண்ணன் மூக்கு. மடியில் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அண்ணி உதட்டைப் பிதுக்கினாள்.

"படிச்ச நாத்தனாரே, பாறைக்கு இன்னா எங்க மேல அவ்ளோ கோவம்?"

"கோவம் இல்ல அண்ணி, சூடு."

"பொழுது சாஞ்சா கல்லு ஆறிடாதா?"

எனக்கு அவள் ஊர் நினைவுக்கு வந்தது. தொண்டூர்க் குன்றில் அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. சின்ன வயதில் அங்கே ஆடு ஓட்டியவள் அவள். அந்தக் கதைகளைக் கல்யாணமான புதிதில் எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க ஆடு ஓட்டிக்கினு போவீங்களே, அங்க எங்க உக்காருவீங்க?"

"குகைக்குள்ள, படுக்கை மேல. ஜில்லுனு இருக்கும்."

"சாயங்காலம் வெளிய பாறை மேல உக்காரலாமில்ல? காத்து வருமே."

"அய்ய, அதுல எவ உக்காருவா? பொழுது எறங்குனாலும் பாவாடைய சுட்டுடும். ஆடே படுக்காது..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு புதிதாக வந்தபோது சிரித்த அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

"ஆடு அளவுக்குக்கூட எனக்கும் உங்க அண்ணனுக்கும் புத்தி இல்லன்ற."

"நான் சொல்லல. நீங்களாச் சொன்னீங்க."

"வரேன்" என்றாள். "ஆனா சூடு அடிக்கிற நாள்ல அந்த ரூமுக்குள்ள கொழந்தைய விட மாட்டேன். வாசல்ல பூசணிக்காயும் ஒடைக்கணும். அது வேற, இது வேற."

"ரெண்டாவே ஒடைக்கலாம்" என்றேன். பூசணிக்காயோடு எனக்கு வழக்கு எதுவுமில்லை.

ஆவணியில் குழந்தையோடு வந்தாள். அண்ணன் கூடத்தில் சவுக்குக் கட்டையும் கோணியும் வைத்து ஒரு தடுப்பு கட்டினான். தொட்டில் கூடத்து உத்தரத்தில் தொங்கியது. சாமி படம் அடுப்படிப் பக்கம் இடம் மாறியது. சாத்திய பூ மறுநாளும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெயில் தணிந்திருந்ததால் உள் அறை எங்கள் மூன்று பேருக்கும் கடலை மூட்டைகளுக்கும் என்று ஆனது.

அண்ணனும் அண்ணியும் இப்போதும் சண்டை போடுகிறார்கள். எல்லா வீட்டிலும் போடுகிற அளவுக்குத்தான். அதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. முன்பெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தாலும் தெரு திரும்பிப் பார்க்கும். தெரு பார்க்கிறதென்று நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் விழுந்தால் அது வெறும் பாத்திரம். எங்கள் வீட்டில் விழுந்தால் வீட்டின் குணம். பாறை பாதிச் சூட்டைக் கொடுத்தது என்றால், அந்தப் பெயர் மீதியைக் கொடுத்தது. பாறையைத் தொட்டுப் பார்க்கலாம். பெயரை எங்கே தொட்டுப் பார்ப்பது?

எல்லா வீட்டுக் கதையும் இப்படித்தான் முடியும் என்று நான் சாதிக்க மாட்டேன். நுழைந்ததும் மனது கனக்கிற வீடு எனக்கும் ஒன்றிரண்டு தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் இனி அப்படி ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், அங்கே யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்பேன். அதற்குப் பிறகும் மிச்சம் ஏதாவது இருந்தால், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

போன மார்கழியில் பனி இறங்கியதும் அண்ணி தானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்கு வந்தாள். "ஏய், நவுருங்க, புள்ளைக்குக் குளிருது" என்று எங்களை வெளியே துரத்திவிட்டாள். குழந்தை பாறையில் முதுகை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஊரிலேயே கதகதப்பான அறை எங்களுடையது என்று அம்மா இப்போது மற்றவர்களிடம் அலட்டிக்கொள்கிறாள்.

தை பிறந்தது. ஒருநாள் அண்ணி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, அன்றைக்கு வாசலில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"படிச்சவளே, பங்குனி வந்தா மறுபடியும் கூடத்துக்கு ஓடணுமா? வருசா வருசம் இதானா பொழப்பு?"

நான் வல்லத்துக்குப் போய் வீட்டுக்காரரிடம், இந்தச் சித்திரைக்கும் நாங்கள் காலி செய்யப் போவதில்லை என்று சொல்லி, பாறையின் மேல் பந்தல் போட அனுமதி வாங்கி வந்தேன். மூன்றாவது வருஷமும் காலி செய்யவில்லை என்றதையே அவரால் நம்ப முடியவில்லை. பந்தலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவே இல்லை. அண்ணன் சவுக்குக் கழிகள் கொண்டுவந்து போட்டான். நைனா கீற்றுக்குச் சொல்லி வைத்தார்.

எதிர்வீட்டம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"இன்னாம்மா இது, பாறைக்குக் கல்யாணமா?"

"ஆமாம்" என்றாள் அம்மா. "உங்க பக்கம் நல்ல பாறையா இருந்தா சொல்லுங்க, பொண்ணு பாக்க வரோம்."

தெருவே சிரித்தது. வெயில் ஏற இன்னும் நாள் இருக்கிறது. கீற்று அடுத்த வாரம்தான் வரும். நான் காத்திருக்கவில்லை. நேற்றுக் காலையிலேயே பாறையின் இரண்டு பக்கத்திலும் குழி தோண்டிப் பந்தக்கால்களை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டேன்.